தார்நாகா வட்டாரத்தில் கறுப்பினப் புலமை: நூல்வழி வரவும் ஆள்வழி வரவும்

முன்னுரை

உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் சேர்க்கை பெறுதல் வேறு. அதன் கல்விச் சமூகத்தில் ஒருவராக ஏற்கப்பெறுதல் வேறு. முன்னதை விண்ணப்பமும் சான்றிதழும் முடித்துவிடும். பின்னதற்கு உடன் அமர்ந்து படிப்போரும், எழுதியதைப் படித்துக் கருத்துரைப்போரும், விடுதியில் ஒரு பந்தியில் உண்போரும், பெயர் சொல்லி அழைப்போரும் வேண்டும். உலகின் பல பகுதிகளில் கறுப்பின அறிஞர்கள் முன்னதைப் பெற்ற பின்னரும் பின்னதற்காக நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

ஐதராபாத் நகரின் தார்நாகா வட்டாரம் இவ்வரலாற்றின் ஒரு கூறினைத் தெளிவாகக் காட்டுகிறது. உஸ்மானியாப் பல்கலைக்கழக வளாகத்தைச் சூழ்ந்த இப்பகுதிக்குக் கறுப்பினப் புலமை இருவழிகளில் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களின் ஆக்கங்கள் நூல்களாக வந்தன. ஆப்பிரிக்க நாடுகளின் மாணவரும் ஆய்வாளரும் நேரில் வந்தனர். இவ்விரு வரவுகளும் நம் கல்வியுலகில் ஒரே வகையான வரவேற்பைப் பெற்றனவா என்பதை ஆராய்வதும், அதனின்று தமிழாய்வுக்கு எழும் பணியைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பெயரும்

தார் என்பது கம்பியையும், நாகா என்பது காவற்சாவடியையும் குறிக்கும். கம்பிவேலியிட்ட தோட்டம் ஒன்றின் காவற்சாவடி இங்கு இருந்தமையால் தார்நாகா எனப் பெயர் பெற்றது என்பது வழங்கிவரும் விளக்கம். இதனை அடுத்துள்ள பகுதியின் பெயர் ஹப்சிகூடா. அபிசீனியாவைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது ஹப்ஷி என்னும் சொல். தக்காணத்தில் அது ஆப்பிரிக்க வழியினரைச் சுட்டும் பொதுப்பெயராயிற்று. ஹப்ஷியர் குடியிருந்த ஊர் என்பதே ஹப்சிகூடா என்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள்.

தக்காணத்தில் ஆப்பிரிக்கரின் இருப்பு பழமையானது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் அகமதுநகர் அரசின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மாலிக் அம்பர் 1626இல் மறைந்தார். நிசாம் ஆட்சியில் ஆப்பிரிக்கக் குதிரைப்படை ஒன்று இயங்கியது. அப்படையினர் தங்கியிருந்த பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என வழங்குகிறது. ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் என்பதன் சுருக்கமே அப்பெயராகும்.

தமிழிலும் காப்பிரி, காப்பிலி என்னும் வழக்குகள் உண்டு. காஃபிர் என்னும் அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாயிலாகத் தமிழுக்கு வந்து இவ்வடிவம் பெற்றது. சமய அடிப்படையில் பிறரைச் சுட்டிய சொல் நிறத்தையும் இனத்தையும் சுட்டும் சொல்லாக மாறியமை நோக்கத்தக்கது. ஹப்ஷி, காப்பிரி ஆகிய இரண்டும் படைவீரனையும் அடிமையையும் நினைவூட்டும் சொற்களேயன்றி அறிஞனை நினைவூட்டும் சொற்கள் அல்ல. ஆப்பிரிக்கரை உடலுழைப்போடும் வீரத்தோடும் இணைத்துப் பழகிய மொழிச்சூழலுக்குள்தான் பிற்காலத்தில் ஆப்பிரிக்க ஆய்வாளர் நுழைந்தனர். அவர்கள் பெற்ற அனுபவங்களை இப்பின்புலத்தோடு இணைத்துக் காண வேண்டும்.

கறுப்பின அறிஞர் கண்ட வழிகள்

அமெரிக்கக் கறுப்பின அறிஞர்கள் தமக்கெனக் கல்விச் சமூகத்தை உருவாக்கிக்கொண்ட முறையைச் சுருக்கமாக நோக்குதல் ஈண்டுப் பொருந்தும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் ஆவார். 1895இல் அப்பட்டம் பெற்ற அவருக்கு வெள்ளையருக்கான பல்கலைக்கழகங்களில் நிலையான பேராசிரியர் பணி வாய்க்கவில்லை. அட்லாண்டா பல்கலைக்கழகமே அவருடைய ஆய்வுக்களமாயிற்று. 1912இல் அதே ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் வுட்சன் 1915இல் கறுப்பினத்தார் வரலாற்றுக்கென ஒரு கழகத்தை நிறுவினார்; 1916இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்; 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தை ஏற்படுத்தினார். அவ்வாரமே பின்னர் ஒரு மாதமாக விரிந்தது.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு புலனாகிறது. முதலில் தனிமனிதர் பட்டம் பெறுகிறார். பட்டம் பெற்றும் அவை ஏற்காதபோது தமக்கென ஓர் அவையை அமைக்கிறார். அவ்வவைக்குக் கழகம், இதழ், நூலகம், ஆண்டுவிழா என்னும் உறுப்புகள் தோன்றுகின்றன. இதன் பின்னரே பொதுப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினவியல் தனித்துறையாக இடம்பெறுகிறது. சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கி 1969 மார்ச்சு வரை நீடித்த மாணவர் வேலைநிறுத்தம் இத்துறை உருவாக்கத்தில் ஒரு திருப்புமுனையாகும்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தமிழாய்வாளர் நன்கறிவர். ஐதராபாத்தில் பாக்கியரெட்டி வர்மா 1906இல் ஜகன் மித்திர மண்டலியை நிறுவி, ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளிகளை நடத்தினார். ஏற்க மறுத்த அவைக்கு மாற்றாக ஓர் அவையை அமைத்தல் என்னும் வழி இரு நிலங்களிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது.

இவ்விரு மரபுகளும் நேரிலும் சந்தித்துள்ளன. ஹோவர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு தர்மன், துணைவியார் உள்ளிட்ட குழுவினருடன் 1935, 1936ஆம் ஆண்டுகளில் இலங்கையிலும் இந்தியாவிலும் பயணம் செய்து காந்தியடிகளைச் சந்தித்தார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் மேய்ஸ், 1937 சனவரியில் மைசூரில் நடைபெற்ற உலக ஒய்.எம்.சி.ஏ. மாநாட்டையொட்டி இந்தியா வந்தார். அவரே பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசிரியராக விளங்கியவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அம்பேத்கர், 1946இல் டு பாய்சுக்கு மடல் எழுதினார். கறுப்பினத்தார் நிலையும் தீண்டப்படாதார் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதைச் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தார் அளித்த விண்ணப்பத்தின் படிகளை அவர் கேட்டிருந்தார். டு பாய்ஸ் அதற்கு விடையும் எழுதினார். அம்பேத்கருக்கு உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1953 சனவரி 12ஆம் நாள் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. கறுப்பின அறிஞரோடு ஒப்புமை தேடிய ஒருவரைப் பெருமைப்படுத்திய அவ்வளாகத்திலேயே அடுத்த பதினோர் ஆண்டுகளில் கறுப்பின நூல்களுக்கான ஒரு பேரிடம் அமைந்தது.

நூல்வழி வரவு

உஸ்மானியா வளாகத்தில் 1964இல் அமெரிக்கவியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அமெரிக்காவிற்கு வெளியே அமெரிக்கவியலுக்கென அமைந்த பெரிய நூலகங்களுள் ஒன்று இதனிடம் இருந்தது. இந்திய அமெரிக்கவியல் இதழ் 1969 முதல் இங்கிருந்து வெளிவந்தது. இம்மையம் பின்னர்ப் பெயர் மாறி, இறுதியில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுத் திட்ட மையமாயிற்று.

ஒளிநகலும் இணையமும் பரவாத காலத்தில் இந்நூலகத்தின் இன்றியமையாமையை இன்றைய ஆய்வாளர் உணர்தல் அரிது. ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு மேற்கொண்டோர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உதவித்தொகை பெற்று இங்கு வந்தனர். சில வாரங்கள் தங்கிக் குறிப்பெடுத்துத் திரும்பினர். தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளரும் அவர்களுள் அடங்குவர். ரால்ப் எல்லிசன், ஜேம்ஸ் பால்டுவின், ஆலிஸ் வாக்கர், 1993இல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசன் ஆகியோரின் படைப்புகளையும் அவற்றைப் பற்றிய திறனாய்வுகளையும் ஒரே கூரையின்கீழ்ப் பெறும் வாய்ப்பு இங்கு இருந்தது.

இதே காலப்பகுதியில் நூல்வழி வரவு ஆங்கிலத்தைத் தாண்டி மக்கள் மொழிகளுக்கும் பரவியது. 1980இல் தோன்றிய ஐதராபாத் புக் டிரஸ்ட், அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலைச் சகவாசியின் தெலுங்காக்கத்தில் வெளியிட்டுப் பெருவரவேற்புப் பெற்றது. அந்நாவல் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என வழங்குகிறது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் நூல்களை 1980களில் சிறையிலிருந்தபோது வரவர ராவ் தெலுங்கில் மொழிபெயர்த்தார். கூகியின் நாவல் ஒன்று தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என வெளிவந்தது.

தமிழ்த் தலித் இலக்கிய எழுச்சிக்கும் இவ்வாசிப்பு துணைநின்றது. அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரையும் உணர்வையும் தழுவி மும்பையில் 1972இல் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. மராத்தியத் தலித் இலக்கியத்தின் தாக்கமும் கறுப்பின இலக்கிய அறிமுகமும் 1990களில் தமிழ்ச் சிற்றிதழ்களில் ஒருங்கே நிகழ்ந்தன. ‘நிறப்பிரிகை’ போன்ற இதழ்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்து, 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில ஆக்கத்தைப் பெற்ற பின்னர், கறுப்பினப் பெண்களின் தன்வரலாறுகளோடு அதனை ஒப்பிடும் ஆய்வுகள் பெருகின. நூல்வழி வந்த கறுப்பினப் புலமை, நம்மிடையே அமைதியாக்கப்பட்டிருந்த ஒரு குரல் தன்னை அறிந்துகொள்ள உதவியது எனலாம்.

ஆள்வழி வரவு

நூல்கள் வந்த அதே பத்தாண்டுகளில் ஆப்பிரிக்க ஆய்வாளரும் வந்துகொண்டிருந்தனர். விடுதலை பெற்ற இந்தியா ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாணவருக்கு உதவித்தொகை வழங்குவதைத் தன் அயலுறவுக் கொள்கையின் ஒரு பகுதியாகக் கொண்டது. 1950இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் இப்பணியை ஏற்றது. இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் 1964இல் தொடங்கியது. அமெரிக்கவியல் ஆய்வு மையம் தோன்றிய ஆண்டும் அதுவே.

தார்நாகாச் சூழலில் இத்திட்டங்களுக்குரிய நிறுவனங்கள் செறிந்திருந்தன. 1958இல் நிறுவப்பட்ட மைய ஆங்கில நிறுவனம் பின்னர் மைய ஆங்கில, அயன்மொழிகள் நிறுவனமாக வளர்ந்து, 2007இல் மையப் பல்கலைக்கழகமாயிற்று. அயல்நாட்டு ஆசிரியருக்கும் அலுவலருக்கும் அது ஆங்கிலப் பயிற்சி அளித்துவந்தது. 1918இல் குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுப்பணி 1958இல் தார்நாகாவிற்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் இப்பகுதியிலேயே உள்ளது. வளரும் நாடுகளின் இளம் அறிவியலாளருக்கான உலக அறிவியல் கழக ஆய்வுதவி, இத்தகைய ஆய்வுக்கூடங்களின் கதவை ஆப்பிரிக்கருக்குத் திறந்தது.

இவர்கள் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். சூடானியர் அரபு பேசுவோர். 1990களில் தம் நாட்டு உயர்கல்வி அரபு வழிக்கு மாறிய சூழலில் ஆங்கிலப் பயிற்சியை நாடியோர். உருது வழிப் பல்கலைக்கழகமாக 1918இல் தோன்றிய உஸ்மானியா, 1948க்குப் பின் ஆங்கில வழிக்கு மாறியது என்பதை இதனோடு ஒப்பிடலாம். பயிற்றுமொழி மாற்றத்தின் சுமையை அறிந்த இரு சமூகங்கள் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருந்தன. எத்தியோப்பியரோ பலர் தம் நாட்டில் ஏற்கெனவே ஆசிரியப்பணி ஆற்றியோர். எத்தியோப்பியப் பள்ளிகளில் தமிழரும் மலையாளிகளும் உள்ளிட்ட இந்திய ஆசிரியர் நெடுங்காலம் பணிபுரிந்தனர். அவர்களிடம் பயின்ற தலைமுறையினர் முனைவர் பட்டத்திற்காக இந்தியப் பல்கலைக்கழகங்களை நாடியது ஒரு கல்வியுறவின் தொடர்ச்சியே ஆகும்.

அண்மைக் காலத்தில் இவ்வரவு மேலும் விரிந்தது. 2015இல் புதுதில்லியில் நடைபெற்ற இந்திய ஆப்பிரிக்க உச்சிமாநாட்டில் ஐந்தாண்டுகளில் 50,000 உதவித்தொகைகள் வழங்கப்படும் என இந்தியா அறிவித்தது. 2019-20ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பயின்ற அயல்நாட்டு மாணவர் 49,348 பேர். மிகுதியான மாணவரை அனுப்பிய முதற்பத்து நாடுகளுள் சூடானும் நைஜீரியாவும் இடம்பெற்றன.

சேர்க்கையும் சேர்தலும்

இவ்விரு வரவுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது ஒரு முரண் வெளிப்படுகிறது. கறுப்பின நாவலுக்கு அட்டவணை எண்ணும் அலமாரியும் ஆய்வேட்டில் ஓர் இயலும் கிடைத்தன. கறுப்பின ஆய்வாளர்க்குக் கிடைத்த பெயர் ‘அயல்நாட்டு மாணவர்’ என்பதாகும். அது நிருவாகம் சார்ந்த பெயர். கடவுச்சீட்டையும் விசாவையும் பதிவு அலுவலகத்தையும் நினைவூட்டும் பெயர். ஆங்கிலத்துறையில் ஒருவர் மாரிசனின் நாவலில் நிறவெறியை ஆராய்ந்துகொண்டிருந்த நாளிலேயே, வளாகத்திற்கு வெளியே நிறத்தின் பொருட்டு வாடகை வீடு மறுக்கப்படும் ஒருவர் இருக்கக்கூடும். முன்னவருடைய ஆய்வேட்டில் பின்னவர்க்கு இடமில்லை.

இம்முரண் வெறும் கருத்தளவில் நிற்பதன்று. 2016 சனவரி இறுதியில் பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் தில்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் வதந்தியை நம்பிய கும்பல் ஆப்பிரிக்க மாணவரைத் தாக்கியபோது, ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் அதனை இனவெறித் தாக்குதல் எனக் கண்டித்தனர். இந்நிகழ்வுகளின்போது நாடெங்கும் ஆப்பிரிக்க மாணவருக்காகப் பேசியது அவர்கள் தாமே அமைத்திருந்த ஆப்பிரிக்க மாணவர் சங்கம்தான். அவை ஏற்காதவிடத்துத் தமக்கென ஓர் அவை அமைத்தல் என்னும் டு பாய்ஸ், வுட்சன் கால வழி இங்கும் தொடர்கிறது.

இதே நகரின் மேற்குப் பகுதியில் உள்ள ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் 1993இல் அம்பேத்கர் மாணவர் சங்கத்தை அமைத்தனர். விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து ஆய்வாளர் 2016 சனவரியில் வளாகத்தின் திறந்தவெளியில் தங்கி, அவ்விடத்திற்கு வெலிவாடா எனப் பெயரிட்டனர். ஊருக்குப் புறத்தே அமைந்த ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. நம் வழக்கில் சேரி. அவ்வைவருள் ஒருவரான ரோகித் வெமுலா சனவரி 17ஆம் நாள் உயிர்நீத்தார். பல்கலைக்கழகத்திற்குள்ளேயே ஊரும் சேரியும் இருத்தலை அப்பெயர் உணர்த்தியது. பட்டியலில் பெயர் இருந்தும் பந்தியில் இடமில்லாமை தலித் ஆய்வாளர், ஆப்பிரிக்க ஆய்வாளர் ஆகிய இருவரும் அறிந்த நிலை.

இருவர் நிலையும் முற்றும் ஒன்றே எனக் கூறுதல் பொருந்தாது. தலித் ஆய்வாளர் அரசமைப்பின் பாதுகாப்பைப் பெற்ற குடிமக்கள். ஆப்பிரிக்க ஆய்வாளர் குறித்த காலம் தங்கிச் செல்வோர். சாதி பிறப்பின்வழி மறைந்து நின்று தேடிக் கண்டறியப்படுவது. நிறம் கண்டவுடன் தெரிவது. எனினும் நிறத்தை இழிவாகக் கருதும் மனப்போக்கு நம்மவரிடையேயும் வேரூன்றியுள்ளது. கருப்பசாமியை வழிபடும் வீட்டிலேயே மணமகளின் நிறம் பற்றிய கவலையும் வாழ்கிறது. ஆகவே ஆப்பிரிக்கரிடம் நாம் காட்டும் விலக்கம் அயலார் மீதான விலக்கம் மட்டுமன்று. நம்முள் நாம் ஒதுக்கியதன் நீட்சியுமாகும்.

தமிழாய்வுக்கு எழும் பணி

தமிழ்த்துறைகளில் கறுப்பின இலக்கிய ஒப்பீடு இன்று நன்கு நிலைபெற்றுள்ளது. ஆயினும் அது பெரும்பாலும் ஆங்கில நூலகத்தை நம்பி நடைபெறுகிறது. மூன்று பணிகளை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, வாய்மொழி வரலாறு. தார்நாகா, ஹப்சிகூடாத் தெருக்களில் தங்கிப் பயின்ற ஆப்பிரிக்க ஆய்வாளரின் நினைவுகள் அவர்கள் நாடு திரும்பும்போது உடன் சென்றுவிடுகின்றன. கள ஆய்வில் தேர்ந்த நாட்டார் வழக்காற்றியலாளர் இவற்றை உரிய இசைவுடன் பதிவுசெய்ய இயலும்.

இரண்டாவது, நேரடி மொழிபெயர்ப்பு. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் 1968இல் கூகியும் அவருடைய உடன்பணியாளர் இருவரும் ஆங்கிலத்துறையை நீக்கி ஆப்பிரிக்க மொழிகளையும் இலக்கியங்களையும் மையத்தில் வைக்க வேண்டுமென வாதிட்டனர். பின்னர் கூகி ஆங்கிலத்தை விடுத்துத் தம் தாய்மொழியான கிக்கூயுவில் புனைவுகளை எழுதினார், 2025இல் மறைந்தார். தாய்மொழியின் உரிமைக்காக வாதிட்ட அவருடைய ஆக்கங்கள் நமக்கு ஆங்கிலம் வழியாகவே கிடைப்பது எண்ணத்தக்கது. அம்காரியம், சுவாகிலி, கிக்கூயு ஆகியவற்றை அறிந்தோர் நம் வளாகங்களில் பயிலும்போது அவர்களோடு இணைந்து மொழிபெயர்க்கும் வாய்ப்பும் நமக்கு உண்டு.

மூன்றாவது, அவையில் இடம். கறுப்பின இலக்கியக் கருத்தரங்குகளில் ஆப்பிரிக்க ஆய்வாளர் கட்டுரையாளராகவும் மதிப்புரையாளராகவும் அழைக்கப்பெற வேண்டும். ஆய்வுப் பொருளாக அறியப்பட்டவர் ஆய்வுத் துணைவராக அமரும்போது ஒப்பீட்டின் தரமும் உயரும்.

முடிவுரை

தார்நாகா வட்டாரத்திற்கு நூல்வழி வந்த கறுப்பினப் புலமை இந்திய ஆய்வுலகின் சிந்தனையை வளப்படுத்தியது. தமிழ்த் தலித் இலக்கிய வாசிப்புக்கும் உரமாயிற்று. ஆள்வழி வந்த ஆப்பிரிக்கப் புலமை உதவித்தொகையும் பட்டமும் பெற்றது. அதற்கிணையான கல்வியுறவைப் பெறவில்லை. அமெரிக்கக் கறுப்பின அறிஞரும் இந்தியத் தலித் அறிஞரும் கழகம், இதழ், சங்கம் ஆகியவற்றால் தமக்கென அவை அமைத்தது அவர்தம் ஆற்றலைக் காட்டுகிறது. அவர்களுக்கு அத்தேவையை உண்டாக்கிய பொது அவையின் குறையையும் அது சேர்த்தே காட்டுகிறது. அக்குறையை நீக்கும் கடமை உள்ளே இருப்போருடையது. ஹப்சிகூடா என்னும் பெயர் ஆப்பிரிக்கப் படைவீரரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அத்தெருக்களில் வாழ்ந்து ஆய்வேடு எழுதியவர்களின் வரலாறும் எழுதப்பெறுதல் வேண்டும்.